வெண்கட்டியால் வரைந்த வெயில்

டிசம்பர் 21, நண்பகல் 12.15. எங்கள் வீட்டு முன் விறாந்தையின் கண்ணாடி வழியே வந்த வெயில் தரை முழுவதையும் கடந்து, பின்சுவரின் செங்கல்லில் மூன்றரை அடி உயரத்துக்கு ஏறி நின்றது. அதன் விளிம்பில் வெண்கட்டியால் ஒரு கோடு கிழித்தேன். அடுத்த ஜூன் 21இல் அதே வேலையைச் செய்தபோது, வெயில் கண்ணாடியிலிருந்து இரண்டரை அடி தூரத்தில் தரையிலேயே நின்றுவிட்டது. எந்தப் பாத்தி எங்கே வரவேண்டும் என்பதை அந்த இரண்டு கோடுகளும்தான் எனக்குச் சொல்லித் தந்தன. செடிகளின் பெயர்களை எழுதியது அதற்குப் பிறகுதான்.

இந்த ஒழுங்கைக் கற்பதற்கு முன் ஒரு கறிவேப்பிலையைச் சாகக் கொடுத்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்புறத்தில் பதினான்கு அடி நீளம், எட்டடி அகலத்தில் ஒரு விறாந்தை. முன்பு இருந்தவர்கள் அதைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். தெற்குப் பார்த்தது, மேலே வீட்டுக் கூரையே நீண்டு மூடியிருந்தது. சப்பாத்துக் கழற்றவும் குளிர்கோட்டைத் தொங்கவிடவும்தான் பயன்பட்டு வந்தது. முதல் குளிர்காலத்தில், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து, கறிவேப்பிலைச் சாடியைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன். ஜனவரியில் ஒரு நாள் முகிலே இல்லாத இரவு. காலையில் கதவைத் திறந்தால் கண்ணாடியின் உட்புறம் முழுக்கப் பனிப்பூ. தெருப்பக்கத்து இலைகள் கண்ணாடியோடு சேர்ந்து உறைந்திருந்தன. மெல்லப் பிரித்தேன். இலை கிழியவில்லை, நனைந்த தாள்போல் மடிந்து தொங்கியது, நிறம் கரும்பச்சை. இரண்டு நாளில் எல்லாம் கறுத்துக் கொட்டிவிட்டன. வேரும் பிழைக்கவில்லை. ஆனால் ஆறடி தள்ளி, வீட்டுச் சுவரோரம் நான் மறந்தே போயிருந்த தேசிக்கன்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “பிள்ளை, ஊரிலை வாழையைக் கிணத்தடி வாய்க்காலிலைதானே வைப்பம். தண்ணி போற இடத்தைப் பாத்துத்தான் வைக்கிறது. நீ என்னத்தைப் பாத்து இதை அங்கை வைச்சனீ?”

பெர்மாகல்ச்சர் என்ற துறையின் முதல் கேள்வியும் இதுவேதான். 1970களில் தாஸ்மேனியாவில் பில் மொலிசனும் அவரைவிட மிக இளையவரான டேவிட் ஹோம்கிரெனும் சேர்ந்து வளர்த்த சிந்தனை அது. நிரந்தரம், வேளாண்மை என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிப் பெயர் வைத்து, 1978இல் முதல் நூலை வெளியிட்டார்கள். ஓர் இடத்துக்கு வெயில் எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே அடிக்கிறது, தண்ணீர் எங்கே ஓடுகிறது, மனிதர் ஒரு நாளில் எத்தனை தடவை அங்கே போய் வருகிறார் என்று முதலில் பார்க்கச் சொல்கிறது அது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்படி பொருள்களை அடுக்கச் சொல்கிறது. யாழ்ப்பாணத்து வளவில் குளித்த தண்ணீர் வாழைக்குப் போனதும், வேலியிலே வெட்டிய பூவரசங் குழை தோட்டத்து மண்ணுக்குப் பசளையானதும் இதே கணக்குத்தான். அங்கே அருமையான பொருள் தண்ணீர்; அதை வைத்து வளவு வகுக்கப்பட்டது. குளிர்நாட்டு விறாந்தையில் அருமையான பொருள் இரண்டு: பகலின் வெயிலும் இரவின் வெப்பமும். கறிவேப்பிலையை வெயிலை மட்டும் பார்த்து வைத்ததுதான் என் பிழை.

வெயிலை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்களைப்போல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குச் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கும் பொருள். அங்கே டிசம்பர் மாத நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கும். ரொறன்ரோவில் அதே நாளில் 23 பாகைதான். எதிர்வீட்டுக் கூரைமேல் நடந்து போவதுபோல் தெரியும். ஜூனில் 70 பாகைக்கு ஏறிவிடும். கண்ணாடியின் மேல்விளிம்பு ஏழடி உயரம் என்றால், 23 பாகையில் வரும் கதிர் பதினாறு அடிக்கு மேல் உள்ளே நுழையக்கூடியது. எங்கள் விறாந்தை எட்டடிதான். ஆகவே மீதி வெயில் சுவரில் ஏறுகிறது. 70 பாகையில் வரும் கதிரைக் கூரை இரண்டரை அடியோடு மறித்துவிடுகிறது. மார்ச்சிலும் செப்டெம்பரிலும், பகலும் இரவும் சமமாகும் நாள்களில், வெயில் ஆறே முக்கால் அடிவரை வரும்.

இந்த மூன்று எண்களும் விறாந்தையை மூன்று கீற்றாகப் பிரித்துவிட்டன. கண்ணாடியோரத்து இரண்டரை அடிக்கு ஆண்டு முழுவதும் வெயில். அதற்கு அப்பால் ஆறே முக்கால் அடிவரையான நடுப்பகுதிக்கு இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலிருந்து வசந்தம்வரை ஆறு மாதம் உறுதியான வெயில். சுவரோரத்துக்குக் குளிர்காலத்தில் மட்டும். கூரை கண்ணாடியாக இல்லையே என்று நான் முதலில் வருந்தினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபின் வருத்தம் போய்விட்டது. 23 பாகைச் சூரியனிடமிருந்து படுத்திருக்கும் ஒரு கண்ணாடி அதன் வலுவில் நூற்றுக்கு 39 பங்கைத்தான் வாங்கும். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி 92 பங்கை வாங்கும். முற்றத்துப் பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அதற்கு மேல். கண்ணாடிக் கூரை இருந்திருந்தால் கோடையில் அவிந்திருப்போம். குளிர்கால இரவில் அதன் வழியே வெப்பம் போயிருக்கும்.

இதை வீட்டில் செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. தெற்கைத் திசைகாட்டியால் பார்க்காதீர்கள். ரொறன்ரோவில் காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறையப் பத்துப் பாகை மேற்கே விலகியிருக்கிறது. தரையில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைப் பாருங்கள். அந்த நிழல் காட்டுவதே சரியான வடக்கு. மணிக்கூட்டின் பன்னிரண்டையும் நம்ப வேண்டாம். கோடையில் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளுவதால், ஜூன் மாதச் சூரியன் எங்களுக்கு உச்சிக்கு வருவது பிற்பகல் 1.20 அளவில். எதிரே மரமோ வீடோ இருந்தால் அதன் உயரத்தையும் அறிந்துகொள்ளுங்கள். டிசம்பர் நண்பகலில் நிழல் உயரத்தின் இரண்டே கால் மடங்குக்கும் மேலே நீளும். முப்பதடி மரம் எழுபதடிக்கு நிழல் விரிக்கும். எங்கள் கிழக்கு அயலவரின் ஊசியிலை மரம் பத்தரை மணிவரை ஒரு மூலையை முழுதாக மறைத்துவிடும்.

ரொறன்ரோ இருக்கும் அகலக்கோட்டில்தான் பிரான்சின் தென்கரையில் நீஸ் நகரும் இருக்கிறது. ஒலிவும் தோடையும் விளையும் கரை அது. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே கோணத்தில்தான் வருகிறது. எங்களுக்குப் பகல் வெளிச்சத்தைவிடப் பெரிய குறை கண்டத்தின் நடுவிலிருந்து வீசும் குளிர்காற்றுத்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஏறக்குறைய இதே அகலக்கோட்டில் பயிர் செய்யும் எலியட் கோல்மன், வெப்பமூட்டாத கூடாரங்களில் குளிர்காலம் முழுவதும் கீரை அறுத்து இதைப் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறார். அவர் வலியுறுத்தும் ஒரு விதி என் நாள்காட்டியை மாற்றியது. பகல் பத்து மணிநேரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான பயிர்களின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ரொறன்ரோவில் அந்தக் காலம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கி பெப்ரவரி முதல் வாரத்தில் முடிகிறது. மிகக் குறுகிய பகல் ஒன்பது மணிநேரத்துக்கும் சற்றுக் குறைவு.

ஆகவே குளிர்காலத்தில் வளர்ப்பது என்ற பேச்சே சரியில்லை. செப்டெம்பர் தொடக்கத்தில் விதைத்து, நவம்பருக்குள் முக்கால் பங்கு வளர்த்து, பிறகு பாத்தியிலேயே உயிரோடு வைத்திருந்து அறுத்துக்கொள்ள வேண்டும். ஒக்டோபர் நடுவில் விதைத்த என் கொத்தமல்லி இரண்டிலையோடு மூன்று மாதம் அப்படியே நின்றது. நான் விதையைச் சந்தேகித்தேன், மண்ணைச் சந்தேகித்தேன், பசளை போட்டேன். அதற்கு வேண்டியிருந்தது பகல்தான்.

இனி வெப்பம். கண்ணாடி வீடு ஏன் சூடாகிறது என்றால், கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, மண் திருப்பி வீசும் செங்கீழ்க் கதிரை வெளியே விடாமல் மறிப்பதால் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது உண்மைதான், ஆனால் சிறு பங்கு. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ரொபேட் வூட் இரண்டு கறுப்புப் பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதைச் செங்கீழ்க் கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாகின. கண்ணாடி வீட்டின் சூட்டுக்குப் பெரிய காரணம் சூடான காற்று மேலெழுந்து ஓடிப்போகாமல் அடைபட்டிருப்பதே. தோட்டக்காரருக்கு இது வெறும் தத்துவமல்ல. கண்ணாடியை மாற்றக் காசு சேர்ப்பதற்கு முன் கீறல்களை அடைக்க வேண்டும் என்று அர்த்தம்.

காற்று அடிக்கும் ஒரு பின்னேரத்தில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, யன்னற் சட்டங்களின் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று வளைந்து உள்ளே ஓடும். அந்த இடத்தில் ஒரு பென்சில் குறி. எங்கள் விறாந்தையில் பதினேழு குறிகள். தெருக்கதவின் கீழ் இடுக்கில் பத்தியே அணைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமைப் பகலில் எல்லாவற்றையும் அடைத்தோம். அந்த வேலை செய்த நன்மையை அதற்குப் பிறகு வாங்கிய எந்தப் பொருளும் செய்யவில்லை.

கீறல் அடைத்தபின்னும் கண்ணாடி வழியே வெப்பம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 6 வாற் வெப்பத்தை இழக்கும். எங்களிடம் இருப்பது ஏறக்குறைய 10 சதுர மீற்றர். வெளியே மறை 15 பாகை, உள்ளே 5 பாகை வேண்டும் என்றால் வித்தியாசம் 20. இழப்பு 1,200 வாற். பதினான்கு மணிநேர இரவுக்கு 16, 17 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். பொதி சுற்றும் குமிழ்த்தாளைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டினால் இது பாதியளவுக்கு இறங்கும். வட சீனாவின் விவசாயிகள் தங்கள் சூரியக் கூடாரங்களின் மேல் மாலையில் வைக்கோல் பாயை இறக்கி, காலையில் சுருட்டி ஏற்றுவார்கள். பின்னால் தடித்த மண்சுவர் பகல் சூட்டை வைத்திருக்கும். அப்படித்தான் அடுப்பு மூட்டாமல் குளிர்காலத்தில் வெள்ளரி காய்க்க வைக்கிறார்கள். நான் பழைய போர்வைகளைத் தைத்துத் திரையாக்கியிருக்கிறேன்.

வெப்பத்தைச் சேமிக்கத் தண்ணீரைவிட மலிவான பொருள் இல்லை. அதே பருமனுள்ள கல்லைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கும். 200 லீற்றர் பீப்பாய் ஒன்று 15 பாகையிலிருந்து 5 பாகைக்கு ஆறும்போது 2.3 அலகு வெப்பத்தைக் கொடுக்கும். குமிழ்த்தாள் ஒட்டிய என் கண்ணாடியின் இரவுச் செலவு எட்டுச் சொச்சம். நான்கு பீப்பாய்கள் என்றால் கணக்கு ஏறக்குறையச் சரி. சுவரில் டிசம்பர் வெயில் ஏறி நின்ற அந்த மூன்றரை அடி உயரத்துக்குள்தான் நான்கு கறுத்தப் பீப்பாய்களும் நிற்கின்றன. வெண்கட்டிக் கோடு சொன்ன இடம் அது. மூன்று நாள் தொடர்ந்து முகில் மூடினால், எங்கள் நகரம் இருக்கும் ஏரிக்கரையில் அது அடிக்கடி நடக்கும், பீப்பாய்களின் வெப்பம் தீர்ந்துவிடும். அப்போது வீட்டுக் கதவைச் சற்றுத் திறந்து வைத்து இரவைக் கடத்துகிறேன். இதை மறைத்து, வெயிலே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. அது உறையும்போது மிகப் பெரிய வெப்பத்தை வெளியே விடும். அதே பீப்பாய் முழுதாக உறைந்தால் 18 அலகுக்கு மேல். அதனால்தான் அக்காலத்துக் குளிர்நாட்டு விவசாயிகள் நிலவறையில் அப்பிளும் கிழங்கும் வைத்து, பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீரையும் வைத்தார்கள். தண்ணீர் பூச்சியப் பாகையில் உறையத் தொடங்கும்; சர்க்கரை கலந்த சாறு நிறைந்த பழங்கள் அதற்கும் கீழேதான் உறையும். தொட்டி முதலில் உறைந்து பழத்தைக் காக்கும்.

பீப்பாயில் தண்ணீரோடு மீனையும் விட்டவர்கள் உண்டு. 1969இல் ஜோன் ரொட், நான்சி ஜாக் ரொட், வில்லியம் மக்லார்னி ஆகியோர் தொடங்கி, பின்பு அமெரிக்காவின் கேப் கொட்டில் இயங்கிய நியூ அல்கெமி நிறுவனம், கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவில் ‘ஆர்க்’ என்ற வீட்டைக் கட்டியது. தெற்கே கண்ணாடித் தோட்டம், வடக்கே குடியிருப்பு. வெளிச்சம் ஊடுருவும் பெரிய உருளைத் தொட்டிகளில் மீன் வளர்ந்தது. அந்தத் தண்ணீர் பகல் சூட்டைச் சேமித்தது. மீன் கழிவு கலந்த தண்ணீர் பயிருக்குப் போனது. ஒரு பொருளிடம் மூன்று வேலை. 1976 செப்டெம்பரில் அன்றைய பிரதமர் பியர் ட்ரூடோ அதைத் திறந்து வைத்தார். அந்த வீடு இன்று இல்லை. ஆனால் வீட்டோடு ஒட்டிய ஒரு கண்ணாடி அறையை அடுப்பாகவும் தோட்டமாகவும் ஒன்றாகப் பார்க்கும் கண்ணை அது பலருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. என் பீப்பாய்களில் மீன் இல்லை. சாடிகளுக்கு ஊற்றும் தண்ணீர் மட்டும் அவற்றிலிருந்து எடுக்கிறேன். குழாயிலிருந்து வரும் பனித்தண்ணீரைக் கறிவேப்பிலை வேருக்கு ஊற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாம் குளிர்காலத்தில் நான் எதையும் நடவில்லை. மிகக் குறைந்த, மிகக் கூடிய வெப்பநிலையைக் குறித்து வைக்கும் வெப்பமானிகள் ஐந்தை ஐந்து இடத்தில் வைத்து, தினமும் காலையில் கொப்பியில் எழுதினேன். வெளியே மறை 17 இருந்த ஒரு காலையில், கண்ணாடியடித் தரையில் மறை 3. சுவரோரத்தில் நெஞ்சளவு உயரத்தில் 6. ஒரே அறை, எட்டடிக்குள் ஒன்பது பாகை வித்தியாசம். காரணம் இலகுவானது. கண்ணாடியைத் தொடும் காற்று குளிர்ந்து கனத்து, அதன் வழியே கீழே வழிந்து, தரையோடு பரவுகிறது. இரவில் கண்ணாடியடியில் கையை வைத்தால் அந்த ஓட்டத்தை உணரலாம். முதல் ஆண்டுக் கறிவேப்பிலை அந்தக் குளிர் அருவிக்கு நேர் கீழே நின்றிருக்கிறது.

இதே குளிரில் ஸ்பினாச் ஏன் சாவதில்லை? பயிரின் ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்து கொழுப்பினால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் குளிரில் எப்படி நடந்துகொள்கின்றன என்று எங்களுக்குத் தெரியும். ஒன்று ஓடும், மற்றது கட்டிபடும். வெப்பநாட்டுப் பயிர்களின் சவ்வு தேங்காயெண்ணெய் மாதிரி. 10, 12 பாகைக்குக் கீழேயே விறைக்கத் தொடங்கி, கசிந்து, கலத்தின் வேலைகள் குழம்பிவிடும். உறைபனி படாமலே பசளியும் மிளகாயும் வாடுவது இதனால்தான். ஸ்பினாச், கேல் போன்றவை குளிர் மெல்ல மெல்ல ஏறும்போது சவ்வின் கொழுப்பை இளகும் வகைக்கு மாற்றிக்கொள்ளும். கலத்துக்குள் சர்க்கரையைச் சேர்த்து உறைநிலையைத் தாழ்த்திக்கொள்ளும். ஜனவரிக் கேல் இலையைப் பச்சையாகக் கடித்தால் இனிக்கும். அந்த இனிப்பே செடியின் குளிர்க்கவசம். கொத்தமல்லியும் வெந்தயமும் இந்தப் பக்கத்துப் பயிர்கள்தாம், வட இந்தியாவில் அவை குளிர்காலப் பயிர்கள். எங்கள் சமையலுக்கு வேண்டிய இரண்டு இலைகள் குளிருக்கு ஒத்துப்போவது எங்கள் அதிர்ஷ்டம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பாத்தி வரைவது ஒரு பின்னேர வேலைதான். கண்ணாடியோரம் நெடுக இரண்டரை அடி அகலப் பாத்தி. என் கை எட்டும் அளவும் அதுவே. பாத்திக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அதில் கேல், ஸ்பினாச், கொத்தமல்லி. மே கடைசியில் அவை முடிய, அதே இடத்தில் மிளகாயும் பசளியும், யன்னற் சட்டத்தில் கயிறு கட்டிப் பாகலும். பாத்தி கிழக்கு முனையில் திரும்பி நடுக்கீற்றுக்குள் வருகிறது. மேலிருந்து பார்த்தால் ‘ப’ எழுத்தைச் சரித்து வைத்ததுபோல் இருக்கும், நடுவில் இரண்டடி நடைபாதை முட்டுச்சந்தாக முடியும். நின்ற இடத்திலேயே மூன்று பக்கமும் எட்டலாம். அந்தத் திருப்பத்தில் வெந்தயமும் சலாது இலையும். செப்டெம்பரில் விதைத்து ஏப்ரலில் முடிந்துவிடும், கோடையில் பாத்தி ஓய்வெடுக்கும். வீட்டுக் கதவு திறக்கும் இடத்துக்கு நேரே கொத்தமல்லி. சாம்பார் கொதிக்கும்போது இரண்டு எட்டில் போய் நுள்ளக்கூடிய இடம் அது. பத்து எட்டுத் தள்ளி இருந்தால் நான் போகமாட்டேன், அது பூத்துப் போகும்.

சுவரோரத்தில் பாத்தியே கட்டவில்லை. கோடையில் அங்கே வெயில் இல்லை. நிலையாக ஒன்றை நட்டால் ஆறு மாதம் இருட்டில் தவிக்கும். அங்கே பீப்பாய்கள், பீப்பாய்களின் மேல் பலகை, பலகையில் சாடிகள்: கறிவேப்பிலை, தேசி, ரம்பை. ஜூன் தொடக்கத்தில் முற்றத்துக்குப் போய், செப்டெம்பரில் உள்ளே வருவார்கள். குளிர்காலத்தில் கறிவேப்பிலை இலை கொட்டினால் பயப்பட வேண்டாம், அது உறங்குகிறது. பயத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் அதைக் கொல்லும். குளிர்ந்த வேர் தண்ணீரைக் குடிக்காது. நின்ற ஈரத்தில் அழுகிவிடும். இஞ்சியும் மஞ்சளும் தண்டு வாடியபின் வெளிச்சம் கேட்பதில்லை. அந்தச் சாடிகள் கீழே, பீப்பாய்களின் இடுக்கில், தண்ணீரே இல்லாமல் கிடக்கின்றன.

அயலவரின் மர நிழல் விழும் வடகிழக்கு மூலையில் புழுப்பெட்டி. மரக்கறித் தோலைத் தின்னும் செம்புழுக்களுக்கு வெளிச்சம் வேண்டாம், உறையாமல் இருந்தால் போதும். மேற்கே தெருக்கதவடியில் எதுவும் நடவில்லை. குளிர்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி குளிரை உள்ளே கொட்டும். அங்கே இன்றும் சப்பாத்துகள்தாம்.

பாத்தியின் கீழே இரண்டு அங்குல நுரைப்பலகை போட்டிருக்கிறேன். தென் ஒன்ராறியோவில் அத்திவாரங்களை நான்கடி ஆழத்துக்கு இறக்குகிறார்கள். குளிர் அவ்வளவு தூரம் நிலத்துக்குள் இறங்கும் என்பதால். கொங்கிறீற் தரை அந்தக் குளிரை நேரே வேருக்குக் கொண்டுவரும். எங்கள் தரை நிலத்தின்மேல் வார்த்தது. அதனால் பாரம் தாங்கும். தூண்களின்மேல் நிற்கும் மரத்தளமாக இருந்தால் இந்த அமைப்பை அப்படியே செய்துவிடாதீர்கள். வீட்டுத் தளங்களுக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை சதுர அடிக்கு 40 இறாத்தல். ஓரடி ஆழத்து ஈரமண் சதுர அடிக்கு ஏறக்குறைய 100 இறாத்தல். நிறைந்த பீப்பாய் அதையும் மிஞ்சும். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தளத்தைப் பார்க்கச் சொன்னபின் மண்ணைக் கொட்டுங்கள்.

வீடும் விறாந்தையும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குகின்றன. தெளிந்த பெப்ரவரிப் பகலில், வெளியே உறைபனி இருக்கும்போதே, உள்ளே 25 பாகை வந்துவிடும். பதினொரு மணிக்கு நடுக்கதவைத் திறப்பேன், மூன்றரைக்கு மூடுவேன். சூடான, ஈரமான காற்று வறண்ட வீட்டுக்குள் போகும். எங்கள் மூச்சில் நிறைந்த காபனீரொட்சைட்டு விறாந்தைக்குப் போகும். அடைத்த கண்ணாடி அறையில் செடிகள் அந்த வாயுவைச் சில மணிநேரத்தில் குறைத்துவிடும். வெயில் இருந்தும் ஒளித்தொகுப்பு மந்தமாகிவிடும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பத்துப் பைசா செலவில்லை.

ஈரம் கூடினால் தொல்லையும் உண்டு. இரவில் கண்ணாடியில் வியர்க்கும் நீர் இலையில் சொட்டினால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிக்கும் இலைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலையில் மட்டும், மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். செதிற்பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் இலை இலையாகத் துடைக்கலாம், அம்மாவுக்கு அது தியானம். மார்ச்சில் எதிர்ப்பக்கத்து ஆபத்து வரும்: கண்ணாடி மூடியிருக்க, வேலைக்குப் போன ஒரு பகலில் 40 பாகை ஏறி நாற்றுகள் வெந்துவிடும். யன்னலைத் தானே திறக்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. உருளைக்குள் மெழுகு; சூடு ஏற மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும், யன்னல் திறக்கும். ஆறினால் சுருங்கி மூடும். மின்சாரம் வேண்டாம். நான் வீட்டில் இல்லாத நேரத்திலும் அது வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதை எழுதுவது பெப்ரவரி இரண்டாம் வாரம். பகல் பத்து மணிநேரத்தைத் தாண்டிச் சில நாள்கள்தாம் ஆகின்றன. மூன்று மாதம் அசையாமல் நின்ற கொத்தமல்லியின் நடுவில் பாசிமணி அளவில் புதுக்குருத்து மடல் விரிக்கிறது. வெளியே பனி யன்னற் கட்டுவரை குவிந்திருக்கிறது. சுவரில் வெயில் டிசம்பர்க் கோட்டைவிட ஓரடிக்கு மேல் இறங்கிவிட்டது. அம்மா பீப்பாய் இடுக்கிலிருந்து இஞ்சிச் சாடியை வெளியே இழுத்து, மண்ணை விரலால் கிளறி, முளை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.